திண்ணையின் நீளம்

கம்பியின் துணையின்றி வீடு முழுவதும் இணையத்தைப் பரப்புகின்ற ரூட்டர் என்னும் சிறு யந்திரத்தை வாங்கப் புறப்படுகிறவர், கடைக்காரர் எடுத்து நீட்டும் அட்டைப் பெட்டியின்மேல் பளிச்சென்ற வர்ணத்தில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்தே தம் தீர்மானத்தைச் செய்துகொள்கிறார் என்பது நாம் நித்தியம் காணும் விஷயம். ஏ.எக்ஸ். 3000 என்று ஒன்றில் இருக்கும், ஏ.எக்ஸ். 5400 என்று மற்றொன்றில் இருக்கும்; எண் பெரிதானால் வேகம் பெரிது, வேகம் பெரிதானால் தாமதம் சிறிது என்று மனம் தானாகவே ஒரு கணக்குப் போட்டு முடித்துவிடுகிறது. நானும் அந்தக் கணக்கை நம்பி, நாற்புறமும் எட்டு ஆண்டெனாக்களை நீட்டிக்கொண்டு மல்லாந்து விழுந்த எட்டுக்கால் பூச்சியைப் போலத் தோன்றிய ஒரு பெட்டியை, விலையைக் கேட்டு வீட்டார் முகம் சுளித்ததையும் பொருட்படுத்தாமல் வாங்கிவந்து, கூடத்து அலமாரியில் ஏறத்தாழப் பிரதிஷ்டையே செய்தேன். கோப்புகள் முன்னைவிட விரைவாக இறங்கின என்பது மெய். ஆனால் வீட்டில் ஒருவர் தம் கைப்பேசியில் சேர்ந்திருந்த கல்யாணப் படங்களை வெளியே அனுப்பத் தொடங்கிய அந்தக் கணமே, அடுத்த அறையில் வெளியூர்ப் பேரனோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவருடைய குரல் அறுந்து அறுந்து வந்தது. பழைய பெட்டியில் எந்தச் சங்கடம் இருந்ததோ, அதே சங்கடம் புதுப் பெட்டியிலும் வாடகை கொடுக்காமல் குடியேறியிருந்தது.

அந்தப் பெரிய எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. 5400 என்பது ஒரே பாதையின் வேகம் அன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கொள்கையளவில் ஆகக்கூடிய 574 மெகாபிட்டையும், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆகக்கூடிய 4804 மெகாபிட்டையும் கூட்டி, வந்த 5378ஐயும் சற்றே உயர்த்தி முழுமையாக்கி அச்சிட்டது அது. ஏ.எக்ஸ். ரகத்துக் கைப்பேசியோ ஒரு சமயத்தில் ஓர் அலைவரிசையைத்தான் பற்றிக்கொள்ளும். அதற்கு இரண்டே ஆண்டெனாக்கள் இருப்பதால் 4804இல் பாதிக்குமேல் அதற்கு எட்டாது. 160 மெகாஹெர்ட்ஸ் சானல் அகலம் கிடைக்காமல் 80 கிடைத்தால் அந்தப் பாதியும் பாதியாகி 1201 என்று நிற்கும். இரண்டு காளைகளின் பற்களைச் சேர்த்து எண்ணி ஒரு காளைக்கு விலை சொல்லும் தரகரை நாம் சந்தையில் நம்புவதில்லை. கடையில் மட்டும் நம்பிவிடுகிறோம்.

எண்ணே மெய்யாக இருந்தாலும் அது சொல்லுவது அகலத்தைத்தான். வாய்க்கால் எத்தனை முழம் அகலம் என்பது ஒரு கேள்வி. மதகைத் திறந்த பின் கடைமடை வயலுக்கு முதல் தண்ணீர் வந்துசேர எத்தனை நாழிகை ஆகும் என்பது வேறொரு கேள்வி. படம் பார்க்கிறவருக்கு முதற் கேள்வி போதும். பேசுகிறவருக்கும், விளையாடுகிறவருக்கும், தொலைவில் உள்ள யந்திரத்தை இங்கிருந்து இயக்குகிறவருக்கும் இரண்டாவது கேள்வியே பிராணன்.

இணையத்தில் செல்லும் செய்தியின் சிறு துண்டாகிய ஒரு பொட்டலம் போய்ச் சேரும் தாமதம் முக்கியமாக மூன்று கூறுகளால் ஆனது. முதலாவது தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் இடப்பட்ட ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளம். ஆகவே சிங்கப்பூரில் இருக்கும் ஒரு கணினி சென்னைக்கு மறுமொழி சொல்ல, அது எவ்வளவு சுறுசுறுப்புள்ளதாக இருந்தாலும், போகப் பதினாறும் வரப் பதினாறுமாக முப்பத்திரண்டு மில்லிவினாடி அந்த வழியில் ஆகியே தீரும். இதை எந்த ரூட்டரும் குறைக்க முடியாது. இரண்டாவது, பொட்டலத்தைக் கம்பியில் ஏற்றும் நேரம்: 1500 பைட் உள்ள பொட்டலத்துக்கு 1 மெகாபிட் வேகத்தில் 12 மில்லிவினாடி, 100 மெகாபிட்டில் அதில் நூற்றில் ஒரு பங்கு. மூன்றாவது காத்திருப்பு. முதல் இரண்டுக்கும் கணக்கு உண்டு, எல்லை உண்டு. மூன்றாவதற்கு நியாயமான எல்லையே கிடையாது. நம்முடைய கட்டுரை முழுவதும் இந்த மூன்றாவதைப் பற்றியதுதான்.

வரிசையில் நிற்பதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு என்று முதலில் காட்டியவர், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த ஏ. கே. எர்லாங் என்னும் டேனிஷ் கணித வல்லுநர். அவருடைய முதற் கட்டுரை 1909இல் வெளிவந்தது. அவர் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் மிக எளிய சூத்திரத்தை எடுத்துக்கொண்டு, முன்னறிவிப்பின்றி வந்து சேரும் பொட்டலங்களை ஒரே வாசல் வழியாக அனுப்புவதாக வைத்துக்கொண்டால், வாசல் தன் சக்தியில் பாதியளவு வேலை செய்யும்போது உள்ளே சராசரியாக ஒன்றுதான் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வேலை செய்யும்போது ஒன்பது. தொண்ணூற்றொன்பது பங்கு வேலை செய்யும்போது தொண்ணூற்றொன்பது! வேலை சிறிதே கூடுகிறது, காத்திருப்போ பத்து மடங்காய்த் தாவுகிறது. கல்யாணப் படங்கள் மேலேறும்போது மேல்நோக்கிய பாதை தன் சக்தி முழுவதும் நிரம்பிவிடுகிறது என்பதை நினைத்தால், பேரன் குரல் அறுந்த காரணம் பாதி விளங்கும்.

மறுபாதியை விளக்கியவர் அமெரிக்கரான ஜிம் கெட்டிஸ். எக்ஸ் விண்டோ என்னும் திரையமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரும், வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்.டி.டி.பி. விதிகளை எழுதியவர்களில் ஒருவருமான அவர், பெல் ஆராய்ச்சிசாலையில் பணியாற்றிக்கொண்டிருந்த 2010ஆம் ஆண்டில், வீட்டிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை அனுப்பும்போதெல்லாம், இயல்பில் சில பத்து மில்லிவினாடிகளுக்குள் திரும்பிவர வேண்டிய சோதனைப் பொட்டலம் ஒரு வினாடிக்கும் மேலாகத் தாமதித்துத் திரும்புவதைக் கண்டார். இணையம் மந்தமாக இருக்கிறதென்று வீட்டுப் பிள்ளைகள் முறையிட்டு வந்ததும் இதனால்தான். இணையத்தின் விதிகளையே வகுத்தவர் வீட்டிலும் இதே கதை என்றால், நம் வீட்டு அலமாரிக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் தேடித் தேடிக் கண்ட குற்றவாளி, மோடத்திலும் ரூட்டரிலும் பொட்டலங்களைத் தாற்காலிகமாக வைத்திருக்கும் பஃபர் என்னும் நினைவிடம். நினைவுச் சில்லுகள் மலிந்துபோகவே, செய்கிறவர்கள் அந்த இடத்தை யோசனையின்றி நீட்டிக்கொண்டே போயிருந்தார்கள். 256 கிலோபைட் என்பது இன்றைக்கு அற்பமான அளவு. ஆனால் 1 மெகாபிட் மேல்நோக்கு வேகமுள்ள பாதையின் வாசலில் அது நிரம்பினால், கடைசியில் வந்த பொட்டலம் இரண்டு வினாடிக்குமேல் காத்திருக்க வேண்டும். இந்த வியாதிக்கு அவர் இட்ட பெயர் பஃபர் வீக்கம் என்று பொருள்படுவது.

பஃபர் பெரிதானால் நல்லதுதானே, ஒரு பொட்டலமும் வீணாகாதே என்று கேட்கலாம். கிராமத்து வைத்தியர் வீட்டுத் திண்ணையை நினைத்துப் பாருங்கள். திண்ணை சிறிதாக இருந்தால், வருகிறவர் அது நிரம்பியிருப்பதைக் கண்டு, மாலையில் வரலாம் என்று திரும்பிப் போவார். திண்ணையைத் தெருக்கோடி வரையில் நீட்டிக் கட்டினாலோ, வந்தவர் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். வைத்தியருடைய கை வேகம் இம்மியும் கூடாது. பாம்பு கடித்து ஓடிவந்தவனும் தலைவலிக்காரர் நூறு பேருக்குப் பின்னால் இரவு வரைக்கும் உட்கார்ந்திருப்பான். இணையத்தில் திரும்பிப் போகும் அந்தச் செய்கைக்கு விசேஷமான பிரயோஜனம் உண்டு. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிசாலைக்கும், நானூறு கஜ தூரத்திலேயே இருந்த பெர்க்லி சர்வகலாசாலைக்கும் நடுவே, வினாடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த பாதை நெரிசலில் சிக்கி 40 பிட்டாக வீழ்ந்தபோது, வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட பரிகாரம் இதை அடிப்படையாகக் கொண்டது: அனுப்புகிறவர் வேகத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போக வேண்டும்; ஒரு பொட்டலம் தொலைந்தால், வழியில் நெரிசல் என்று அறிந்து அடங்க வேண்டும். தொலைவதுதான் செய்தி. நீண்ட திண்ணை அந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது; அனுப்புகிறவரோ இடம் இருக்கும் மட்டும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

இதற்கு மருந்தும் அதே ஜேக்கப்சனிடமிருந்துதான் வந்தது. கேத்லீன் நிக்கல்ஸ் என்பவருடன் சேர்ந்து 2012இல் அவர் வெளியிட்ட கோடெல் என்னும் முறை, வரிசை எத்தனை நீளம் என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு நேரம் உள்ளே கிடந்தது என்று பார்க்கிறது. நூறு மில்லிவினாடிக்கு ஒரு தடவையேனும் காத்திருப்பு ஐந்து மில்லிவினாடிக்குக் கீழே இறங்கினால், அது வந்து போகும் கூட்டம் என்று விட்டுவிடும். இறங்காமலே நின்றால், இது நிலைத்துவிட்ட கூட்டம் என்று அறிந்து, பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தள்ளத் தொடங்கும். எரிக் டுமாஸே என்பவர் இதனோடு மற்றொரு யுக்தியையும் இணைத்தார்: எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல், ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை வகுத்து முறைவைத்து அனுப்புவது; அப்பொழுது படம் அனுப்புகிறவருடைய ஆயிரம் பொட்டலங்கள் தமக்குள்ளேயே காத்திருக்க, பேசுகிறவருடைய ஒற்றைப் பொட்டலம் நேராக வாசலுக்குப் போய்விடும். எஃப்.க்யூ.கோடெல் எனப்படும் இந்த இணைப்பு 2012இலேயே லினக்ஸ் என்னும் திறந்த இயக்க மென்பொருளில் இடம்பெற்று, 2018இல் இணைய விதித் தொகுதியில் 8290ஆம் எண்ணாகப் பதிவாயிற்று. பின்னால் வந்த கேக் என்பது இதன் செல்வச் சகோதரன்.

இதுவரையில் சொன்னது கம்பிக்கும் பொருந்தும். ஆகாயத்துக்கென்று தனியே ஒரு சங்கடம் இருக்கிறது: அது அனைவருக்கும் பொது. 1971இல் ஹவாய் சர்வகலாசாலையில் நார்மன் ஏப்ரம்சன் தீவுகளுக்கிடையே ரேடியோவினால் கணினிகளை இணைத்த அலோஹா அமைப்பில், யாருக்குத் தோன்றினாலும் பேசலாம். இருவர் பேச்சு மோதினால் இருவரும் சற்று ஓய்ந்து மறுபடி பேச வேண்டும். மோதலிலேயே காலம் கழிந்ததால், அதன் முழுச் சக்தியில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்குக்குமேல் பயன்படவில்லை. இன்றைய வைஃபை அதன் பேரப்பிள்ளை. சபையறிந்து நடக்கப் பழகிய பிள்ளை. முதலில் காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லையென்றால் சிறிது நேரம் பொறுக்கும். பின்பு ஒன்பது மைக்ரோவினாடி கொண்ட சிறு கூறுகளாகப் பூஜ்யம் முதல் பதினைந்து வரை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அத்தனை கூறும் கழிந்த பின்பே வாய் திறக்கும். மோதினால் அந்தப் பதினைந்து இரட்டித்து இரட்டித்து 1023 வரை ஏறும். அடுக்கு வீடுகளில் இருபது ரூட்டர்கள் ஒரே சானலில் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது இந்த மரியாதை எவ்வளவு காலத்தை விழுங்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்றை, பிரான்ஸ் தேசத்துக் கிரெனோபிள் நகர ஆராய்ச்சியாளர்கள் 2003இல் எடுத்துக்காட்டினார்கள். பந்தியில் எல்லாரும் உண்டு முடித்த பிறகே எழுந்திருப்பது நம்மவர் வழக்கம். பல்லில்லாத பெரியவர் ஒருவர் இருந்துவிட்டால், பசியோடு வெளியே நிற்கும் அடுத்த பந்தி முழுவதும் அவருக்காகக் காத்திருக்கும். வைஃபையும் ஒவ்வொருவருக்கும் சம எண்ணிக்கையில் பொட்டலம் தருகிறதேயொழிய, சம நேரம் தருவதில்லை. கொல்லைப்புறத்தில் அலை எட்டாமல் 1 மெகாபிட்டில் தட்டுத்தடுமாறும் பழைய கருவிக்கு ஒரு பொட்டலம் அனுப்ப 12 மில்லிவினாடி. பக்கத்திலேயே 300 மெகாபிட்டில் இருக்கும் கருவிக்கு அதில் முந்நூற்றில் ஒரு பங்கு. முறை மாறி மாறி வந்தால், காலமெல்லாம் மந்தமானவருக்கே போய், விரைவானவரும் மந்தமானவராகவே ஆகிவிடுகிறார். பொட்டலத்தை எண்ணாமல் ஆகாய நேரத்தை எண்ணிப் பங்கிட வேண்டும் என்பதை லினக்ஸின் வைஃபை பகுதியில் செயலாக்கி, ஸ்வீடனில் கார்ல்ஸ்டாட் சர்வகலாசாலையைச் சேர்ந்த டோகே ஹொய்லாண்ட்-யோர்கென்சனும் அவருடைய சகாக்களும் 2017இல் பிரசுரித்த முடிவு, நெரிசலில் ஏற்படும் தாமதம் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியதைக் காட்டியது. ஓர் ஆண்டெனாவும் கூட்டாமல், ஒரு சில்லும் மாற்றாமல் நேர்ந்த முன்னேற்றம் இது!

அப்படியானால் யந்திரத்தைத் தேர்வதில் என்ன இருக்கிறது, எல்லாம் மென்பொருளின் மகிமை அல்லவா என்று தோன்றும். அந்த மென்பொருளை ஏற்றுக்கொள்ளும் யந்திரமாக அது இருக்கவேண்டும் என்பதுதான் தேர்வின் சாரம். 2002 டிசம்பரில் வெளிவந்த லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்னும் நீலக் கறுப்புப் பெட்டியின் கதை இங்கே சொல்லத் தக்கது. 125 மெகாஹெர்ட்ஸ் செயலியும், 16 மெகாபைட் நினைவும் கொண்ட அந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்று சில ஆர்வலர்கள் கண்டுபிடிக்க, லினக்ஸின் உரிம விதிப்படி மூலநிரலை வெளியிடும்படி நேர்ந்தது. அந்த நிரலிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்னும் பொது முயற்சி பிறந்தது. ஆனால் அதே பெட்டியின் ஐந்தாம் பதிப்பில், வெளித்தோற்றமும் பெயரும் மாறாமலே, நினைவைப் பாதியாக்கி, லினக்ஸையும் நீக்கிவிட்டார்கள். பெயரைப் பார்த்து வாங்கினவர் ஏமாந்தார். அடியில் ஒட்டியிருந்த பதிப்பு எண்ணைப் பார்த்து வாங்கினவர் பிழைத்தார். இன்றும் ரூட்டர் வாங்குகிறவர் முதலில் வாசிக்க வேண்டியது பெட்டியின் மேற்புறத்தை அல்ல, அடிப்புறத்தை.

பஃபர் வீக்கத்தோடு போராடிய டேவ் டாட் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் 2011 முதல் தங்கள் சோதனைகளுக்குத் தேர்ந்தெடுத்த யந்திரமும் கவனிக்கத் தக்கது. 2025இல் காலமான அந்த மனிதர் இத்துறையில் ஓயாமல் உழைத்தவர். சந்தையில் அன்று இருந்த அதிவேகப் பெட்டி எதையும் அவர்கள் நாடவில்லை, நெட்கியர் டபிள்யூ.என்.டி.ஆர். 3700, 3800 என்னும் 680 மெகாஹெர்ட்ஸ் செயலியுள்ள நடுத்தரப் பெட்டிகளையே நாடினார்கள். காரணம், அவற்றிலிருந்த ஏதரோஸ் ரேடியோவை இயக்கும் ஏ.டி.எச்.9கே என்னும் நிரல் முழுவதும் திறந்தது. ரேடியோவுக்குள்ளே யாருக்கும் தெரியாத மூடிய நிரலும், அதற்குள் ஒளிந்த இன்னொரு நீண்ட திண்ணையும் இல்லை. வெளியே எவ்வளவு ஒழுங்கான வரிசை வைத்தாலும், உள்ளே பூட்டிய அறையில் வேறொரு வரிசை இருந்தால் என்ன பயன்?

அடுத்தது செயலி. கம்பெனி மோடத்தில் உள்ள திண்ணையை நாம் சுருக்க முடியாது. ஆகையால் பாதையின் அளந்த வேகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவுக்கு நம் ரூட்டரிலேயே கட்டுப்படுத்தி, வரிசை நம் கண்முன்னே உண்டாகும்படி செய்துகொள்கிறோம். இதற்கு ஒவ்வொரு பொட்டலத்தையும் செயலி தொட்டுப் பார்க்க வேண்டும். விலை குறைந்த பெட்டிகள் கிகாபிட் வேகம் என்று பறைசாற்றுவதோ, பொட்டலத்தைச் செயலியிடம் காட்டாமலே வன்பொருளின் குறுக்கு வழியால் கடத்திவிடுவதனால்தான். கட்டுப்பாட்டை இயக்கிய உடனே அந்தக் குறுக்கு வழி அடைபட்டு, பெட்டியின் உண்மைப் பலம் வெளிப்பட்டுவிடும். நூறு மெகாபிட் அளவுள்ள இணைப்புக்குப் பழைய ஒற்றைச் செயலிப் பெட்டியும் போதும். பல நூறு மெகாபிட் என்றால், ஆர்ம் வகையைச் சேர்ந்த இரண்டு அல்லது நான்கு கருக்கள் கொண்ட செயலி அவசியம். 2024இன் இறுதியில் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. குழுவினரே தங்கள் பெயரில் வெளியிட்ட ஒன் என்னும் பெட்டி, மீடியாடெக்கின் இரட்டைக் கரு 1.3 கிகாஹெர்ட்ஸ் செயலியும் 1 கிகாபைட் நினைவும் கொண்டது. பார்வைக்கு மூன்றே ஆண்டெனா. அதை விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை. வரிசையைப் பற்றிச் சிந்தித்தவர்கள் தங்களுக்கென்று ஒன்று செய்துகொள்ளும்போது எதற்குப் பணம் செலவிட்டார்கள், எதற்குச் செலவிடவில்லை என்பதற்கு அது சாட்சி.

சானல் அகலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகலத்தை இரட்டித்தால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும்; கூடவே இரைச்சலும் இரட்டிக்கும், அண்டைவீட்டுப் பேச்சும் உள்ளே நுழையும். நெருங்கிய குடியிருப்பில் தாமதத்தை அஞ்சுகிறவர் 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குமேல் போகாமல், 5 கிகாஹெர்ட்ஸில் அமைதியான 40 மெகாஹெர்ட்ஸ் சானல் ஒன்றைத் தேடிக்கொள்வது நலம். 5 கிகாஹெர்ட்ஸின் நடுப்பகுதி ராடாருக்குப் பாத்தியதை உள்ளது. அங்கே குடியேறும் ரூட்டர் முதலில் ஒரு நிமிஷம் வாய்மூடிக் கேட்க வேண்டும், பின்பு எப்போது ராடார் ஒலித்தாலும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். விளையாட்டின் நடுவே அப்படி நேர்ந்தால் ரூட்டரைத் திட்டிப் பயனில்லை.

மேலே சொன்னவற்றையெல்லாம் படித்தறிந்த பின்பு, விலையில் பாதிக்கும் குறைவான, பழையதாய் வந்த, திறந்த நிரல் ஏறும் பெட்டி ஒன்றை வாங்கி, அலமாரியிலிருந்து கூடத்தின் நடுச்சுவருக்கு மாற்றி, கட்டுப்பாட்டை இயக்கிவிட்டு, ஒரு திரையில் படங்களை மேலேற்றிக்கொண்டே மற்றொரு திரையில் பிங் என்னும் சோதனைப் பொட்டலங்களை ஓடவிட்டு அவற்றின் தாமதத்தைப் பார்த்தேன். எண்கள் எழும்பாமல் ஒரே மட்டத்தில் நின்றன. எட்டுக்கால் பூச்சியை எறிய மனம் வரவில்லை. அதன் முதுகில் கம்பி செருகும் துவாரங்கள் நான்கு இருந்தன. ரேடியோவை அணைத்து, மேசைக் கணினியையும் தொலைக்காட்சியையும் அவற்றில் கம்பியால் பிணைத்தேன். கம்பியில் மோதலும் இல்லை, குலுக்கலும் இல்லை. எட்டு ஆண்டெனாக்களும் ஆகாயத்தைப் பார்த்தபடி சும்மா நிற்க, அது இன்று வரையில் மிகவும் ஒழுங்காக வேலை செய்துவருகிறது.